உப்பின் வெள்ளை

ஜனவரி 9, வெள்ளி

மாத்திரை நேரங்களைக் குறித்து வைக்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னதால் வாங்கிய டைரி இது. முதல் பக்கத்தில் மாத்திரைகளை எழுதி முடித்தேன். பாதிப் பக்கம் கூட நிறையவில்லை. மிச்சத்தை வெறுமனே விட மனசு வரவில்லை.

தயாளனை இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. இரண்டு பேர் படிக்கட்டு வழியாக பெட்ஷீட்டோடு தூக்கி வந்தார்கள். "மெதுவா போங்கண்ணே, எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்று வழியெல்லாம் அவர்களிடம் பேசிக்கொண்டே வந்தான். தலையைத் திறந்து, முடிந்த வரைக்கும் கட்டியை எடுத்தாயிற்று. மீதியை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இடது கையும் காலும் அசையவில்லை. கழுத்து வலப்பக்கம் திரும்பி அப்படியே நிற்கிறது. வாய் மட்டும் பழையபடி.

கட்டிலைச் சுவரோரம் போட்டோம். டிவி எதிர்ச் சுவரில். சாலிகிராமத்துப் படுக்கையறையில் வேறு இடம் ஏது? படுத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை:

"சுகி, டிவியில நீலம் பாயுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரகடத்தில் திரைகள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். ஓஎல்இடி திரையை நேராகப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பக்கவாட்டில் நகர நகர நீலம் ஏறும். அது ஏறாமல் செய்ய வேண்டும். மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அவனோ சினிமாவுக்கு நிறம் சேர்ப்பவன். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத நீலம்கூட அவனுக்கு மிளகாய்த் தூள் மாதிரி உறுத்தும்.

ஜனவரி 10, சனி

அவனுடைய ஸ்டுடியோவில் ஒரு சட்டம் உண்டு. நிறத்தைப் பற்றி யார் வாய் திறப்பதென்றாலும் முதலில் அவன் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். பக்கத்து சோபாவில் சாய்ந்துகொண்டு "கொஞ்சம் டல்லா இருக்கே தயாளன்" என்று சொன்ன தயாரிப்பாளர்களை எல்லாம் கையைப் பிடித்து எழுப்பி, "சார், என் சீட்ல உட்காந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்று உட்கார வைத்திருக்கிறான். இப்போது அவனே சோபாக்காரன் ஆகிவிட்டான்.

இயக்குநர் மாதவராஜ் படத்தின் இறுதிப் பிரதிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறார். தயா வேலை பார்த்த கடைசிப் படம். மரக்காணம் உப்பளத்தில் எடுத்த காட்சி ஒன்று அதில் இருக்கிறது. மகனைப் புதைத்த மறுநாள் காலையில் ஒரு தாய் உப்பு வார வருகிறாள். வசனம் கிடையாது. இந்தக் காட்சிக்காக அவன் மாதவராஜோடு சண்டையே போட்டான். அவர் நீலம் கேட்டார். "சோகத்துக்கு நீலம் அடிக்கிறது சோம்பேறித்தனம் சார். விடிஞ்சிருச்சுங்கிறது அந்த அம்மாவுக்குத் தெரியாது. பாக்கறவனுக்குத் தெரியணும். அதுதான் வலி" என்றான். உப்புக் குவியலின் வெள்ளையில் துளி ரோஜா நிறம் கலந்து விடியலைக் கொண்டுவந்தான். அதை முடித்து அடுத்த ரீலுக்குப் போகும்போதுதான் நாற்காலியிலிருந்து விழுந்தான். மீதியை உதவியாளர்கள் முடித்தார்கள்.

இன்று படத்தைப் போடப் போனேன். வேண்டாம் என்றான். "இங்கேர்ந்து பாத்தா என் உப்பு நீலமாத் தெரியும். அதுக்குப் பாக்காமலே இருக்கலாம்."

அலமாரியை நகர்த்தி, டிவியை இறக்கி, ஸ்டூல் மேல் வைத்து, அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் அவ்வளவு பெரிய டிவி அவன் மூக்கை இடிக்கிற மாதிரி நின்றது. கழுத்தும் திரும்பாது. நடுப்பகுதி நேராகத் தெரிந்தால் இரண்டு ஓரமும் சாய்வாகத்தானே தெரியும்.

"நடுவுல காலை. ஓரத்துல சாயங்காலம்" என்றான்.

"என் ஃபோன்ல பாக்கறியா?"

"உப்பளத்தை உள்ளங்கையில வச்சுப் பாக்கச் சொல்றியா? நீ ஒரு ஸ்க்ரீன் செய்யறேல்ல. அது வரட்டும். அதுல பாக்கறேன்."

நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் என் வேலைக்காக அவன் காத்திருப்பது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். விசில் வந்ததும் கட்டிலிலிருந்து "பொங்கலோ பொங்கல்" என்றான்.

ஜனவரி 19, திங்கள்

விடுப்பு முடிந்து லேபுக்குப் போனேன். வீட்டில் இருக்க தெரசா என்ற பெண் வந்திருக்கிறாள். அச்சிறுபாக்கத்துக்காரி, நர்ஸ் படிப்பு படித்தவள். என்னை அக்கா என்றும் தயாவை அண்ணன் என்றும் கூப்பிடுகிறாள். அவனைத் திருப்பிப் படுக்க வைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

என் மேலதிகாரி தேவசகாயம் சாரிடம் பேசினேன். இந்தத் திரைகளுக்குள் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மோதி மோதி வெளியே வருகிறது. அந்த இடைவெளி நேராக வரும் ஒளிக்குச் சரியாக இருக்கும். சாய்வாக வரும் ஒளிக்குக் கணக்கு மாறிவிடும், நீலம் முந்திக்கொள்ளும். இடைவெளியைத் தளர்த்தினால் வெளிச்சம் குறைகிறது. மேலே ஒரு மெல்லிய படலம் ஒட்டி ஒளியைச் சிதறவைத்தால் எல்லாப் பக்கமும் நிறம் ஒன்றாகிறது, ஆனால் எழுத்து மங்குகிறது. அந்தப் படலத்தில் கலக்கும் பொடி மணிகளின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு பெரிய திரையில் ஒட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

"ஜூன் வரைக்கும் டைம் இருக்கேம்மா?"

"எனக்கு இல்ல சார்."

அவர் மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துப்போக கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 24, சனி

டாக்டர். கட்டியின் மிச்சம் பின்பக்கமாக வளர்கிறதாம். பார்வை போகும் வழியில். "கொஞ்சம் கொஞ்சமா குறையலாம். எப்பன்னு சொல்ல முடியாது" என்றார்.

பிப்ரவரி கடைசிக்குள் முடித்துவிடலாம்.

வரும் வழியில் வாழைத்தண்டு வாங்கினேன். நார் அதிகம்.

ஜனவரி 31, சனி

முதல் மாதிரி. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுத் திரை, பின்னால் ஒரு போர்டு, பேட்டரி. தயாவின் ஹார்ட் டிஸ்கில் அவனே செய்து வைத்திருந்த உப்புக் காட்சியின் ஒரு ஸ்டில் இருந்தது. அதைத்தான் லேபிலும் வைத்து அளக்கிறேன். கண்ணை மூடினாலும் எனக்கு அந்த ரோஜா தெரிகிறது. இதைச் சொன்னபோது, "கல்யாணத்துல எடுத்துக் குடுத்த புடவை என்ன கலர்னு கேட்டா முழிப்பே" என்றான்.

திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றேன். அவன் சொல்லச் சொல்ல மெதுவாகத் திருப்பினேன்.

"வெள்ளை நிக்குது. ஆனா என்ன இது, அடுப்பங்கரைப் புகையில பாக்கற மாதிரி? நீலத்தை விரட்டறேன்னு படத்தையே விரட்டிட்டே."

மீட்டரில் நான் அளந்திருந்ததும் அதுதான், மணிகள் அதிகம். தோற்றுப்போன மாதிரியை வைத்துக்கொண்டு மணிகளைப் பற்றி அவனுக்கு நீளமாக விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணு கவனிச்சிருக்கியா? வேலை சரியா வந்தா நீ பேசவே மாட்டே. சொதப்பினாத்தான் இவ்வளவு பேசுவே."

பிப்ரவரி 6, வெள்ளி

இரண்டாவது மாதிரி. மணிகளில் இரண்டு அளவு கலந்திருக்கிறோம். புகை இல்லை.

"திருப்பு. இன்னும். இன்னும். நில்லு. இங்க ஒரு இடத்துல பச்சை எட்டிப் பாக்குது. தாண்டிப் போனா இல்ல."

லேபில் சுழலும் மேடையில் வைத்து அரை நாள் அளந்து நான் கண்டுபிடித்த அதே இடம். ஒரு டிகிரி இப்படி அப்படி இல்லை. தெரசாவைக் கூப்பிட்டு, "பாத்தியா, என் வீட்டு மீட்டரை" என்றேன். அவள் எதற்கென்று புரியாமல் சிரித்தாள். தயா ரொம்ப நேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். களைப்பு.

நல்ல நாள். ரசம் வைத்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் பேப்பர் வேண்டாம் என்றான். ரேடியோ போதுமாம். அவன் எப்போதுமே பேப்பர் படிக்கச் சோம்பேறி.

மத்தியானம் ஃபோன் செய்தபோது, "வெளியே மழை வருதா? இருட்டிக்கிட்டு வருதே" என்றான். இங்கே ஒரகடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெரசா திரைச்சீலையை இழுத்துவிட்டிருப்பாள். அதற்கு அவளைக் கடிந்துகொண்டேன். "சரிக்கா" என்றாள்.

காபி டம்ளரை இப்போதெல்லாம் அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட வேண்டியிருக்கிறது. வலது கையும் பலம் குறைகிறதோ என்னவோ. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

படலம் ஒட்டும்போது காற்றுக் குமிழ். ஒரு நாள் வேலை வீண்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாதவராஜ் வந்திருந்தார். ஆப்பிள் பையோடு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். தயாவின் தலைத் தையலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான், ஆனால் அவர் "தயாளன்" என்று கூப்பிட்ட பிறகுதான் "வாங்க சார்" என்றான். தூக்கக் கலக்கம்.

"படம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார். சுகி எனக்குன்னு ஒரு ஸ்க்ரீன் செய்யறா. எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் கலர் மாறாது. அதுலதான் பாக்கணும்னு இருக்கேன்."

"ஓ" என்றார் மாதவராஜ். ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப ரெடியாகும் மேடம்?" என்று என்னைக் கேட்டார்.

"இந்த மாசக் கடைசி."

"என் உப்பு எப்படி சார் வந்திருக்கு?" என்றான் தயா.

"உங்க கலர்தான் தயாளன். நீங்க போட்டதுதான் எல்லாம்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். காபி அப்படியே இருந்தது. பெரிய மனிதர்களுக்கு நோயாளி வீட்டில் உட்கார முடிவதில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வந்துவிட்டது.

மூன்றாவது மாதிரி. அறுபது டிகிரி வரைக்கும் வெள்ளை அசையவில்லை. பச்சையும் இல்லை, எழுத்தும் மங்கவில்லை. அளவுகளைப் பார்த்துவிட்டு தேவசகாயம் சார் என் தோளைத் தட்டினார். அந்த மனிதர் யாரையும் தட்டிப் பார்த்ததில்லை. கம்பெனி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பூந்தமல்லியில் டிராஃபிக். இறங்கி ஓடலாமா என்றிருந்தது.

வந்ததும் கை கழுவாமல் அவன் எதிரில் போய் நின்றேன். திரையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டேன். பேச வரவில்லை.

"திருப்பு" என்றான். திருப்பினேன். கடைசி வரைக்கும் திருப்பினேன். அவன் ஒரு தடவைகூட நில்லு என்று சொல்லவில்லை.

"சுகி."

"ம்."

"உப்பு உப்பாவே இருக்கு. அந்த ரோஜா கலையவே இல்ல. வரப்பு மேல விழற வெளிச்சம்கூடத் தெரியுது. ஜெயிச்சுட்டேடி."

நான் அழுதுவிட்டேன். திரையைப் பிடித்திருந்ததால் மூக்கைத் துடைக்கக்கூட முடியவில்லை. தலைமாட்டில் நின்ற தெரசாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரையைப் பெட்டியில் வைப்பதற்காகத் திருப்பினேன். எரியவில்லை. பின்னால் போர்டிலிருந்து நாடா கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

எப்போது கழன்றது என்று தெரியவில்லை. அவன் பார்த்து முடித்த பிறகு கழன்றிருக்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். திருப்பும்போது கடைசியில் கை பட்டிருக்கலாம். லேபில் பார்த்தபோது கேபிளைப் பிடித்து வைக்கும் சின்ன கொக்கி போடவே படவில்லை. அவசரத்தில் நான்தான் விட்டிருக்கிறேன். பூந்தமல்லிக் குழியிலேயே கழன்றிருக்கலாம். இருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாயங்காலம் தெரசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பால்கனிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நேத்து அது எரியவே இல்லக்கா" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"அண்ணன் அவ்ளோ சந்தோஷமா சொல்லிட்டு இருந்தாரு. நீங்களும் அழுதுட்டீங்க. எப்படிக்கா சொல்றது?" கையில் இருந்த துண்டை மறுபடி மறுபடி மடித்தாள். "போன வாரத்துலேர்ந்தே அண்ணனுக்கு எதுவும் தெரியலக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அந்த ஸ்க்ரீனை முடிச்சுட்டுத்தான் அவ ஓயணும், நடுவுல விட்டுட்டா அவளுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமே இருக்காதுன்னு சொன்னாரு."

இன்றாவது அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். சாப்பாடு ஊட்டினேன். என்ன குழம்பு என்று கேட்டான். எப்போதும் தட்டைப் பார்த்துக் குறை சொல்கிறவன். எத்தனை நாளாக இப்படிக் கேட்கிறான்? முருங்கைக்காய் சாம்பார் என்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

ஜனவரி பத்தாம் தேதி என் ஃபோன் கையில் இருந்தது. லிங்க் இருந்தது. அவனுக்குக் கண் இருந்தது. ஒரு பத்து நிமிடக் காட்சி. நேராக முகத்துக்கு எதிரில் பிடித்திருந்தால் அந்தச் சின்னத் திரையில் ஒரு நீலமும் வந்திருக்காது. உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கிடைத்ததில் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளை சரியாக வரட்டும் என்று காத்திருந்தோம்.

எனக்கு என் மேல் வருகிற ஆத்திரத்தைவிட அவன் மேல் அதிகமாக வருகிறது. அவன் மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும், "தண்ணி வீணாகுது பாரு" என்றான்.

எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவன் ஜெயிச்சுட்டே என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

பெரிய திரையில் படலம் ஒட்டியாயிற்று. ஒரு குமிழ்கூட இல்லை. தேவசகாயம் சாரிடம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். இதற்கெல்லாம் அனுமதி கிடைக்காது என்று எனக்கும் தெரியும். வீட்டில் நீண்ட நாள் ஓட்டிப் பார்க்கும் சோதனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்காரர் பாக்கட்டும்மா" என்றார்.

"பாப்பார் சார்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் வேன் வந்தது. எதிர்ச் சுவரில் பழைய டிவி இருந்த இடத்திலேயே மாட்டினார்கள். கேபிளை நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். தயாவுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பிரிவ்யூவுக்கு அவன் வெள்ளைச் சட்டைதான் போடுவான்.

இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. பேச்சு நடுவில் அறுந்துவிடுகிறது. படம் ஓட ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து சத்தம் வரும் திசையில் வைத்துக்கொண்டான். நான் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் புருவத்தைத் தூக்கினான். வசனத்தை வைத்து எந்தக் காட்சி என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமையும் அவன் தொட்டிருக்கிறான்.

உப்பளக் காட்சிக்கு முந்தைய அழுகைச் சத்தம் வந்து அடங்கியது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சுகி."

"சொல்லு."

"அங்க உட்காந்து பாக்காதே. என் சீட்டுக்கு வா."

புரிந்தது. கட்டில் கம்பியை இறக்கிவிட்டு, அவன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். அவன் தலையணையில் தலை வைத்து, அவன் கழுத்து திரும்பியிருக்கிற பக்கம் என் கழுத்தையும் திருப்பிக்கொண்டு பார்த்தேன். மருந்து வாசனை, பவுடர் வாசனை. இந்த இரண்டு மாதத்தில் நான் இந்தத் தலையணையிலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

திரை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒன்றாக இருந்தது. அந்தச் சாய்விலிருந்து பார்த்தும் நீலம் ஏறவில்லை, பச்சை எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வருடம் நான் கேட்டதெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது.

உப்பு நீலமாக இருந்தது.

திரை காட்டும் நீலம் இல்லை. என் திரை அப்படிக் காட்டாது, அதுமட்டும் எனக்கு இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரியும். படத்திலேயே நீலம். குவியல் முழுக்க, வரப்பு முழுக்க, அந்த அம்மாவின் முகம் முழுக்க நீலம் அடித்திருந்தார்கள். ரோஜா இருந்த சுவடு இல்லை. விடியவே இல்லை. அந்த ஸ்டில்லை ஜனவரியிலிருந்து தினமும் அளந்தவள் நான். அவன் நாற்காலியிலிருந்து விழுந்த பிறகு யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். மாதவராஜ் காபி குடிக்காமல் எழுந்து போனது நினைவுக்கு வந்தது. பழைய டிவியாக இருந்திருந்தால், பக்கவாட்டு நீலம் என்று நினைத்துத் தப்பித்திருப்பேன்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு தயா."

"உப்பு?"

"நீ போட்ட மாதிரியே இருக்கு. வெள்ளையில லேசா ரோஜா. குவியலோட உச்சியில கொஞ்சம் கூடுதலா, கீழே வர வரக் குறையுது. வரப்புல தண்ணி நிக்கிற இடத்துல வானம் தெரியுது, அதுலயும் ரோஜா இருக்கு. அந்த அம்மா குனியறப்ப முந்தானை ஓரத்துல வெளிச்சம் விழுது. விடிஞ்சிருச்சுன்னு நல்லாத் தெரியுது. அவங்க மாத்தவே இல்ல, ஒண்ணுமே மாத்தல. தூரத்துல இருக்கிற குவியல்லகூட நீ..."

அவன் வலது கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"சரி சுகி" என்றான். "போதும்."

படம் முடியும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

சொதப்பினால்தான் நான் அதிகம் பேசுவேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். ஜனவரி 31-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று கண்ணில் பட்டது.

மார்ச் 19, வியாழன்

விடிகாலையில் போய்விட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

தெரசா ஊருக்குப் போனாள். அவன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எதற்கு என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காரியம் முடிந்தது. மாதவராஜ் வந்திருந்தார். ஆட்கள் கிளம்பும் வரை காத்திருந்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அந்த உப்பளம் சீன்... புரொட்யூசர் சைடுல சோகம் பத்தலைன்னு சொன்னாங்க. சார்கிட்ட அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். அவரை அப்படிப் பாத்ததும் வாய் வரல." அவர் கண் சுவரில் இருந்த திரைக்குப் போனது. "சார் அதைப் பாத்தாரா?"

நாளைக்கு வேன் வந்து அதை எடுத்துப்போகிறது. ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்களாம். எல்லோரும் பக்கவாட்டில் நின்று பார்த்துப் பாராட்டுவார்கள்.

"பாத்தார்" என்றேன்.



"என்ன சொன்னார்?"

"'சரி, போதும்'னு சொன்னார்."

அவர் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். கட்டிலை இன்னும் நகர்த்தவில்லை. அதில் அவன் பக்கமாகப் படுத்துக்கொண்டு அந்த ஸ்டில்லை, அவன் செய்த ஸ்டில்லை, திரையில் போட்டேன். உப்பு வெள்ளையாக இருந்தது. துளி ரோஜா. சொல்லிக் காட்டுவதற்கு ஆள் இல்லை. வெளியே இருட்டும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.